தண்ணீருக்கும் எடை உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சுயதொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள் சங்கத்தார். என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வண்டி வாங்கிய கதை ஒன்றுதான் இருக்கிறது. அதையே சொல்லிவிடுகிறேன்.

படித்தது மெக்கானிக்கல். சென்னையில் செய்வது கண்ணாடி துடைக்கிற தொழில். சிரிக்காதீர்கள்! கடை, கிளினிக், கார் ஷோரூம், மூன்று மாடி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் போவோம். தரையில் நின்றபடியே, நீளக் கம்பின் நுனியில் பிரஷ்ஷை மாட்டி, கம்பு வழியாகத் தண்ணீரை ஏற்றிக் கழுவுவோம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அது கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். ஆகவே ஆர்.ஓ.வில் வடிகட்டி, பிறகு ரெசின் வழியாக விட்டு, உப்பு நீக்கிய தண்ணீரை நாங்களே கொண்டுபோவோம். அதில் கழுவினால் துணி போட்டுத் துடைக்கவே வேண்டாம். தானாகக் காய்ந்து பளிச்சென்று இருக்கும். ஆக, என் தொழிலில் பாதி தண்ணீர் சுமப்பது. இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

2018-ல் தொடங்கினேன். அம்மாவின் நகை பாங்குக்குப் போனது. கையிலிருந்த பணத்துக்கு முக்கால் டன் ரகத்தில் ஒரு பழைய மினி லாரி வாங்கினேன். 2005-ல் டாடா ஏஸ் வந்த நாளிலிருந்து நம் ஊரில் குட்டி யானை என்கிறோமே, அந்த ரகம். சந்துக்குள் நுழையும், தவணையும் கம்மி. மொட்டை மாடியில் வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் டாங்க் ஒன்றை அதில் ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். ஆயிரம் லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடப் பாடம். முக்கால் டன் வண்டியில் ஒரு டன் தண்ணீர்! கூட்டிப் பார்க்க இந்த பி.இ.க்குத் தோன்றவில்லை. தவறு வண்டியுடையது அல்ல, முழுக்க என்னுடையது.

வண்டி ஓட்டிய அண்ணனுக்குத் தோன்றியது. இரண்டாம் நாளே சொன்னார்: "தம்பி, வண்டி பின்னாடி உக்காந்துடுது, பிரேக் பிடிக்க நேரமாவுது. அதைவிட, மத்தியானம் தண்ணி பாதியானப்புறம் ஆடுது பாருங்க, அதான் பயமா இருக்கு."

"பாதியானா வெயிட் குறையும்ல அண்ணே, நல்லதுதானே?" என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

மறு வருஷம் ஒரு சாயங்காலம், கத்திப்பாரா மேம்பால வளைவில் இறங்கிக்கொண்டிருந்தோம். டாங்கில் பாதித் தண்ணீர். முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, அண்ணன் பிரேக் போட்டு ஒடித்தார். உள்ளே தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் பாய்ந்தது. கயிறு அறுந்தது. ஒரு பக்கச் சக்கரங்கள் தூக்கி, வண்டி சுவரில் உரசி நின்றது. முன் சீட்டில் இருந்த எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. பின்னால் கம்புகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் ரோட்டில் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த கார் சமயத்தில் நின்றதால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க இன்ஜினீயர்னு சொன்னான் தம்பி. அந்த தைரியத்துலதான் அனுப்பினேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அன்றிரவு அண்ணன் சொன்னார்: "நிறைகுடம் தளும்பாதும்பாங்க. அரைக்குடம்தானே தம்பி தளும்பும்?" இதற்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஃப்ரீ சர்ஃபேஸ் என்று பெயர். இதே கல்லூரியில் அதை எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்.

இரண்டாவது வண்டிக்கு முதலில் ஷோரூம் போகவில்லை. பேப்பர், பேனா எடுத்தேன். ஒரு பிரஷ்ஷுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு 600 லிட்டர், அதாவது 600 கிலோ. டாங்கும் இரும்பு ஃப்ரேமும் 90. மோட்டார், பேட்டரி, ஹோஸ் 60. கம்பும் ஏணியும் 50. இரண்டு ஆட்கள் 140. மொத்தம் 940 கிலோ. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு வேண்டியது ஒன்றேகால் டன் ரகம் என்று. அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்றவை அந்த அளவில் இருக்கின்றன.

எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் நிரப்பி, எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். சில டீ குடிக்கிற காசுதான் ஆகும்.

டாங்க் உயரமாக இருக்கக்கூடாது. தாழ்வாக, தட்டையாக, கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடாதபடி குறுக்குத் தடுப்புகள் வேண்டும். ஃப்ரேமோடு சேர்த்துச் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கயிறு கூடவே கூடாது. என் வண்டியில் இரண்டே சீட். மூன்றாவது ஆள் பஸ்ஸில் வருவார், டிக்கெட் என் செலவு. பின்னால் யாரும் ஏறுவதில்லை.

சட்ட விஷயம் சுருக்கமாக: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம், எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் கட்டாயம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் உறுதி செய்தது.

அந்தப் பையனின் வைத்தியச் செலவை நான்தான் பார்த்தேன். அது பெருமையில்லை, கடமை. இப்போது வேறு வேலையில் இருக்கிறான். வலது கை தலைக்கு மேல் முழுசாகத் தூக்க வராது.

தம்பி தங்கைகளே, இங்கே போடுகிற கணக்கில் தப்பு வந்தால் மார்க் போகும். வெளியே அப்படியில்லை; அடிபடுவது பெரும்பாலும் அடுத்தவர். ஆகவே காசு கொடுப்பதற்கு முன்னால் கணக்கைப் போடுங்கள். தினமும் வண்டி ஓட்டுகிறவர் "ஆடுது" என்று சொன்னால் பாடம் நடத்தாமல் இறங்கிப் பாருங்கள்.