பதற்றத்துக்கு முந்தின நாள்

(தலத்தெருவில் நிகழ்த்திய வெண்மணி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். இந்த உரைக்கு எங்கள் மன்றம் எடுத்துக்கொண்ட பொருள் 'பதற்றம்'. ஏன் இந்தப் பொருள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் மாலை செய்தித்தாள் நறுக்கு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். கோயில் நுழைவு பற்றிய செய்தி. இப்படிப்பட்ட செய்திகள் வழக்கமாக முடிகிறபடியே அதுவும் முடிந்தது: அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது, போலீசார் குவிக்கப்பட்டுள்ளனர். கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், "இன்னைக்குப் பதற்றம் நிலவுதுன்னா, நேத்து அங்க என்ன நிலவுச்சு?" என்றார். எங்களில் மூத்தவர் ஒருவர் சட்டென்று "அமைதி" என்றார். சொன்ன வேகத்திலேயே "இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன்" என்று தலையை ஆட்டினார். வாசலுக்கு வெளியே நின்று அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த நேற்று அமைதியா?

இந்த உரை அந்தத் தங்கையின் கேள்விக்கு நாங்கள் தேடிய பதில்.

கயிற்றின் ஒரு முனையை மட்டும் இழுத்தால் கயிறு இழுத்த பக்கம் போய்விடும். மறுமுனையைப் பிடித்திருப்பவர் காலை ஊன்றி நின்றால்தான் அது விறைக்கும். செய்தித்தாள் பதற்றம் என்று எழுதுவது அந்த விறைப்பைத்தான். ஆனால் அதுவரை இழுத்துக்கொண்டிருந்தது யார் என்று அது கேட்பதில்லை. காலை ஊன்றியவர்கள்தான் பதற்றத்தை உண்டாக்கியவர்கள் ஆகிறார்கள். உழைப்பு, பாதை, படிப்பு, சட்டம், குடும்பம், மனம் என்று வாழ்வின் எந்தத் துறையை எடுத்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உழைப்பு. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தை யாரும் பதற்றமான காலம் என்று எழுதி வைக்கவில்லை. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து, சேரிகளில் செங்கொடி ஏறி, அடித்தால் திருப்பிக் கேட்போம் என்று நம் ஆட்கள் நிமிர்ந்த பிறகுதான் மிராசுதார்களுக்கு அமைதி கெட்டது. 1968-ல் கேட்டது அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. அதற்கு எதிராக நெல் உற்பத்தியாளர் சங்கம் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தது. செங்கொடியை இறக்கு என்றது. டிசம்பர் 25 மாலை தொழிலாளர் இருவரைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். மக்கள் திரண்டுபோய் அவர்களை மீட்டார்கள். மோதலில் பண்ணையார் தரப்பில் ஒருவர் இறந்தார். அன்று இரவு, ஓடி ஒளிய இடம் தேடிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயமும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணமாக இருந்தது.

இது கூலிப் போராட்டமா, சாதிப் படுகொலையா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கிறோம். எங்கள் கருத்து இது: கேட்டது கூலி, எரிந்தது சேரி. அரைப்படி நெல்லால் எந்த மிராசுதாரும் ஏழையாகியிருக்க மாட்டார். களத்தில் குனிந்து நின்று வாங்கியவன் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்டதுதான் அவர்களுக்குத் தாளவில்லை. கூலியும் சாதியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்தால் மற்றதும் விறைத்தது.

இரண்டாவது, பாதை. பொதுப் பாதைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். 92 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் நம் முதியவர் ஒருவர் இறந்தார். உடலைப் பொதுப் பாதை வழியே எடுத்துச்செல்லப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. நடந்தது என்ன? காவல் துறை உடலைத் தானே எடுத்துக்கொண்டு வேறு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. சொன்ன காரணம் சட்டம் ஒழுங்கு.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதற்றம் என்ற சொல் நடந்ததைச் சொல்வதோடு நிற்பதில்லை. உரிமையை மறுக்கிற காரணமாகவும் அது பயன்படுகிறது. அமைதிக் கூட்டம் போடுவார்கள், இரு தரப்பும் விட்டுக்கொடுங்கள் என்பார்கள். ஒரு தரப்பிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வது கோபத்தை. நம்மிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வது பாதையை. இரண்டும் சமமா?

மூன்றாவது, படிப்பு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை, உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அவர் நன்றாகப் படிக்கிற பையன். அதன்பின் அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024-ல் அறிக்கை வந்தது. வெட்டு விழுந்த பிறகுதான் நாட்டுக்குப் பதற்றம் தெரிந்தது. அந்தப் பையனோ அதற்கு முன்பே தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றிருந்தார். பதற்றம் அந்த நாட்களிலேயே இருந்தது. ஒரு பையனுடைய உடம்புக்குள் மட்டும் இருந்ததால் அது செய்தியாகவில்லை.

இங்கேதான் அந்த மாணவியின் கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைத்தது. பதற்றம் ஒரே நாளில் பிறப்பதில்லை. நேற்றுவரை நம் உடம்புக்குள் இருந்தது இன்று தெருவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நான்காவது, சட்டம். காரைக்கால்காரர்களான நமக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த மண் இது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசிய ஆட்சியின் கீழ், இந்தத் துறைமுகத்திலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் பலர் ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கப்பலேறினார்கள். 1881-ல் ஓர் ஆணை வந்தது: தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுப்பவர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்களில் நம் மக்களும் உண்டு. காகிதத்தில் சாதி போனது. தெரு அவர்களைப் பழைய பெயரில்தான் கூப்பிட்டது.

1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இங்கே இன்னும் பிரெஞ்சு ஆட்சி. வெண்மணிக்குப் பின் 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தபோது நாம் யூனியன் பிரதேசம். அது தமிழ்நாட்டுச் சட்டம். ஒரே காவிரித் தண்ணீர், ஒரே நடவு, ஒரே சாதி. சட்டம் மட்டும் எல்லைக்கல்லோடு நின்றுவிடும்.

அந்தக் கல் இப்போது நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிப் பட்டியல் 1964-ல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. ஒரு மாநிலத்தில் அட்டவணைச் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த நிலை தானாகக் கூடவே வராது என்று உச்சநீதிமன்றம் 1990-ல் சொன்னது. பொறையாரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்ணின் தாய்மாமன் நெடுங்காட்டில் இருப்பார். அத்தை திருநள்ளாற்றில் இருப்பார். ஆனாலும் சான்றிதழ் என்று வரும்போது "நீ பூர்வீகமா, குடியேறினவளா?" என்ற கேள்வி வருகிறது. அதிகாரி கேட்டால் போராடலாம். நம் தெருவிலேயே, நம் கூட்டத்திலேயே, "இருக்கிற நாலு இடத்துக்கு அவங்களும் பங்குக்கு வர்றாங்க" என்று பேசும்போது என்ன செய்வது? இந்த மன்றத்திலும் அந்தப் பேச்சு எழுந்தது. ஒருமுறை கூட்டம் பாதியில் கலைந்தது. மறைக்காமல் சொல்கிறோம். இடங்கள் ஏன் நாலாகவே இருக்கின்றன, நிரப்பாத பணியிடங்கள் எத்தனை என்று கேட்க வேண்டிய கோபத்தை நாம் பொறையார்ப் பெண் மேல் காட்டிக்கொண்டிருந்தோம். அவளும் நேற்றுவரை சேரியில் வளர்ந்தவள்தான்.

ஐந்தாவது, குடும்பம். வெளியே காலை ஊன்றி நிற்கிற நாம் வீட்டுக்குள் எந்தப் பக்கம் நின்று இழுக்கிறோம்? பாமாவின் 'சங்கதி' 1994-ல் வந்தது. நம் பெண்கள் வயலிலும் வாங்குகிறார்கள், வீட்டிலும் வாங்குகிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசியது. அதே ஆண்டு வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நமக்கும் கீழே ஒருவரை வைத்திருக்கிறோம் என்று, சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் வழியே காட்டியது. அப்போது நம்மில் பலர் கோபப்பட்டார்கள். நம் பக்கம் ஒருவர் காலை ஊன்றினால் நமக்கும் அமைதி கெடுகிறது. 'ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்' என்று நாமும் கேட்கிறோம். அந்தக் கேள்வியை இதற்குமுன் யாரிடமிருந்து கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆறாவது, மனம். பெயரிலேயே தெரு இருக்கிற ஊர் இது. வெளியூரில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்பார்கள். தலத்தெரு என்றால் விடமாட்டார்கள். "தலத்தெருவுல எந்தத் தெரு?" சிரித்துக்கொண்டே கேட்கிற அந்தக் கேள்விக்கும் நம் பதிலுக்கும் நடுவில் இரண்டு விநாடி இருக்கிறது. உண்மையைச் சொல்லலாமா, பக்கத்துத் தெருவைச் சொல்லலாமா, பேச்சை மாற்றலாமா? அந்த இரண்டு விநாடியை எந்தக் காவல் துறையும் பதிவு செய்வதில்லை. நாள்தோறும் அதைச் சுமக்கிறவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் மருத்துவர் டென்ஷனைக் குறையுங்கள் என்கிறார். நல்ல ஆலோசனைதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு யாரும் மருந்து எழுதித் தருவதில்லை.

இத்தனை துறைகளுக்கும் பொதுவான காரணத்தை அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொல்லிவிட்டார். 1950 ஜனவரி 26 முதல் நாம் முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் போகிறோம். அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை தொடரும். இந்த முரணை விரைவில் நீக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் அரசியல் ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். ஒரே மனிதருக்கு இரண்டு விதிகள். வாக்குச்சாவடியில் ஒன்று, தெருவில் ஒன்று. இரண்டும் உரசுகிற இடத்தில்தான் நாம் வாழ்கிறோம்.

பதற்றத்தைக் கொண்டாடச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மேடையில் பேசுகிற எங்களைப் போன்றவர்கள் இல்லை. மறுநாள் நடவுக்குக் கூப்பிடாமல் விடப்படுகிற அம்மாதான் கொடுக்கிறார். வெண்மணியில் குழந்தைகள் கொடுத்தார்கள். ஆகவே ஒரு போராட்டத்துக்கு அழைக்கும் முன் மறுநாள் அடுப்பு எரிவதற்கு என்ன வழி, யார் உடன் நிற்பார்கள் என்று யோசிப்பது இயக்கத்தின் கடமை. அதே அளவுக்கு, 'அமைதி' என்ற சொல்லுக்கு நாம் பயந்து ஒதுங்காமல் இருப்பதும் கடமை.

முடிவாக மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு நோட்டு வாங்குங்கள். அதற்கு 'முந்தின நாள்' என்று பெயர் வையுங்கள். எந்தக் கடையில் எந்தக் குவளை, எந்தப் பாதையில் எந்தப் பாடை திருப்பப்பட்டது, எந்த வகுப்பில் யார் வராமல் நின்றார்கள், யாருக்குச் சான்றிதழ் இழுத்தடிக்கப்பட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். கதையாக எழுத வருமென்றால் கதையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வெறும் குறிப்பாக எழுதுங்கள். நாம் வீட்டில் செய்ததையும் அதே நோட்டில் எழுதுங்கள். பதற்றம் நிலவுகிறது என்று செய்தி வரும் நாளில், நேற்று இங்கே என்ன நிலவியது என்பதற்கு நம் கையில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வெண்மணிக்கு முந்தின நாட்களை அப்படி எழுதி வைக்க நமக்கு அன்று எழுத்து இல்லை. இன்று இருக்கிறது.