புதுக்கோட்டையில் இரண்டு இரவு



திருச்சியிலிருந்து காரைக்குடிக்கோ, பிள்ளையார்பட்டிக்கோ, ராமேசுவரத்துக்கோ காரில் போகிறவர்கள் பலரும் புதுக்கோட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள். பேருந்து நிலையத்தருகே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பார்கள். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். ஜன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கையும், சோழர் காலத்துக் கற்றளியும், சுரங்களைச் செதுக்கி வைத்த கல்வெட்டும் அந்தக் குன்றுகளில்தான் இருக்கின்றன. இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புதுக்கோட்டையைக் கடந்து போகாதீர்கள். இரண்டு இரவு தங்குங்கள்.

ஏன் தங்கச் சொல்கிறேன் என்றால், இது பாறைகளின் மாவட்டம். காலையில் திருச்சியில் புறப்பட்டுப் பதினொரு மணிக்குக் குன்றடியில் வந்து இறங்கினால் கால் வைக்க முடியாத அளவுக்குப் பாறை காய்ந்து கிடக்கும். அரைகுறையாகப் பார்த்துவிட்டு நிழல் தேடி ஓட வேண்டியிருக்கும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, மறுபடி மாலை நாலு மணிக்கு மேல் பொழுது சாயும் வரை, இந்த இரண்டு வேளையும்தான் குன்றுகளுக்கு உகந்தவை. அந்த இரண்டு வேளையும் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் இரவு இங்கே தங்கியாக வேண்டும்.

வந்து சேர்வது எளிது. திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காரைக்குடி இன்னும் பக்கம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவினர்கள் திருச்சி நகருக்குள் நுழையாமலே இங்கு வந்துவிடலாம். திருச்சியிலிருந்து மானாமதுரை, ராமேசுவரம் போகும் ரயில் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

தங்குவதற்கு இரண்டு வழி உண்டு. சிக்கனமாகப் போக நினைப்பவர்களுக்குப் புதுக்கோட்டை நகரத்து விடுதிகள் போதும். பேருந்து நிலையத்தைச் சுற்றியே அறைகள் கிடைக்கும். இது நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1878-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்தி அமைத்த நகரம் இது. நடுவில் அரண்மனைப் பகுதி, அதைச் சுற்றி நான்கு ராஜவீதிகள், அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று நேர்கோடு போட்டது போல் தெருக்கள் போகும். புதுக்குளமும் பல்லவன் குளமும் ஊருக்கு அழகு. பிற்காலத்தில் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர் கட்டிய இந்தோ சாரசெனிக் பாணி அரண்மனைதான் இன்றைய மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனது.

கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்ய முடிந்தவர்கள் திருமயம் பக்கத்தில் கடியாபட்டிக்குப் போகலாம். செட்டிநாடு என்றாலே காரைக்குடி என்று நினைக்கிறோம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, ராங்கியம் என்று நகரத்தார் ஊர்கள் பல புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்ற நூற்றாண்டு கடந்த நகரத்தார் வீட்டைப் பழைய அழகு கெடாமல் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். இதைப் போலவே ஸ்பெயின் நாட்டில் பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் அரசாங்கமே விடுதிகளாக நடத்துகிறது. 1928-லிருந்து அங்கே இந்த ஏற்பாடு உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடு சீக்கிரம் இடிந்துவிடும், ஆள் புழங்கும் வீடு நிற்கும். நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

சரி, முதல் நாள் காலை சித்தன்னவாசலுக்குப் புறப்படுவோம். நகரத்திலிருந்து வடமேற்கே பதினாறு கிலோமீட்டர். பேருந்து உண்டு. ஆனால் ஒரே நாளில் மூன்று நான்கு இடம் பார்ப்பதற்கு வாடகைக் கார்தான் வசதி.

முதலில் ஏழடிப்பட்டம் ஏறிவிடுங்கள். குன்றின் மேல் ஒரு இயற்கைக் குகை. அதன் தரையில் வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள். தலைப்பக்கம் கல்லையே தலையணையாக உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. கிறித்து பிறப்பதற்கு முன்பே இங்கே சமணத் துறவிகள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

அடுத்தது அறிவர் கோயில் என்ற குடைவரை. இது ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த இடம். உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆகும். பழகியதும் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் இறங்கியிருக்கின்றன. மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். இலையின் பச்சையும் மொட்டின் சிவப்பும் ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும் தெரிகின்றன. தூண்களில் இரண்டு ஆடல் மகளிர். ஒருத்தியின் கை வீசிய வேகம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. பிறகு கருவறையின் நடுவில் நின்று, வாயைத் திறக்காமல் 'ம்' என்று முனகிப் பாருங்கள். சுவர் முழுக்க அந்த ஒலி சுற்றி வரும்.

இங்கே ஒரு வேண்டுகோள். ஸ்பெயினில் அல்தமிரா என்ற குகையில் ஆதிமனிதர்கள் வரைந்த காட்டெருமை ஓவியங்கள் இருக்கின்றன. பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றும் ஈரமுமே அவற்றுக்குக் கேடாயின. 2001-இல் பக்கத்திலேயே ஒரு நகல் குகை செய்தார்கள். மறு ஆண்டு அசல் குகையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். நமக்கு இன்னும் அசல் ஓவியத்தின் அடியில் நிற்கிற பாக்கியம் இருக்கிறது. சித்தன்னவாசலில் ஏற்கெனவே அழிந்து போனது நிறைய. நாலைந்து பேராக உள்ளே போங்கள். கேமரா ஃப்ளாஷ் வேண்டாம். சுவரில் கை வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இதை வாசலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

அங்கிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. சிகாநாத சுவாமி கோயிலின் முன்மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். பத்துத்தலை இராவணன், இரதி, மன்மதன், குடலை உருவும் நரசிம்மம் என்று ஒவ்வொன்றிலும் நரம்பும் நகமும் தெரியும். மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்கான சுரக்கோவைகளை வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. இசைப் பாடத்தைப் பாறையில் வெட்டி எல்லோருக்கும் பொதுவாக வைத்த மண் இது. பின்னாளில் கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்த மாமுண்டியா பிள்ளையும், மிருதங்கத்தில் கொடிகட்டிப் பறந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள்தான்.

பகல் வெயிலுக்கு நகரம் திரும்பி, சாப்பிட்டுவிட்டுத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் சென்னைக்கு அடுத்த பெரியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். செப்புத் திருமேனிகளும் ஆயுதங்களும் பார்த்தபின் அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு செப்புக்காசு. சமஸ்தான காலத்தில் நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் மக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிரகதாம்பாளின் கோயிலும் திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது.

மாலை நார்த்தாமலைக்கு. திருச்சி சாலையில் பதினேழு கிலோமீட்டர். ஊரைத் தாண்டிப் பாறைச் சரிவில் கொஞ்ச தூரம் ஏறினால் விஜயாலய சோழீசுவரம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. சாத்தன் பூதி என்ற தலைவன் எடுப்பித்த கோயில், மழையால் சேதமடைந்து, பிறகு மல்லன் விடுமன் திருப்பணி செய்தது என்று கல்வெட்டு சொல்கிறது. வெளியே சதுரமான விமானம், உள்ளே கருவறை வட்டம். எதிரே ஒரு குடைவரையில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வரிசையாக நிற்கின்றன. கோயில் மேற்கு பார்த்தது. அதனால்தான் மாலையில் வரச் சொன்னேன். சாய்வெயில் நேரே முகப்பில் விழுந்து துவாரபாலகர்களைத் துலக்கிக் காட்டும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை மாஸ். புதுக்கோட்டைக்கென்றே பேர் போன பண்டம். பரோட்டாக் கடைகளில் கிடைக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, ஒரு கரண்டி சால்னாவை ஊற்றுவார்கள். அது கொதித்துச் சுண்டும்போது அவித்த முட்டையை வெட்டிப் போட்டு, மிளகுத்தூள் தூவிப் புரட்டி இலையில் தள்ளுவார்கள். கல்லில் இருந்து வந்த சூட்டோடு பரோட்டாவுடனோ இடியாப்பத்துடனோ சாப்பிட வேண்டும். ஆறினால் ருசி இல்லை.

இரண்டாம் நாள் காலை திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. ஊமைத்துரையின் நினைவாக ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். குன்றின் உச்சியில் ஒரு பீரங்கி, பாதி வழியில் சிவனுக்கு ஒரு சிறிய குடைவரை. இறங்கி வந்தால் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பள்ளிகொண்ட பெருமாளின் பேருருவத்தைப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள். ஆதிசேடனின் நச்சு மூச்சுக்கு அஞ்சி மது, கைடபர் ஓடுகிற கோலம் காலடியில் தெரியும். விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்தத் திருமயத்தில்தான்.

மதியம் செட்டிநாட்டுச் சாப்பாடு. முன்கூட்டியே சொல்லி வைத்தால் கடியாபட்டியில் வாழையிலை போட்டு முழுப் பந்தி பரிமாறுவார்கள். உப்புக்கறி, மண்டி, கவுனி அரிசி, மாலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

பிறகு அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை இதுதான். இங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் சேரும். எழும் ஆவிதான் நிவேதனம். மண்டபத்தின் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் எல்லாமே கருங்கல். பழைய சிற்பிகள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக் கொடுப்பார்களாம். கடற்கரை வேண்டுபவர்களுக்கு மணமேல்குடியும் மீமிசலும் இங்கிருந்து பக்கம். பாக் நீரிணையின் அலையில்லாத கரை. காலையில் வந்த நண்டும் இறாலும் மதியக் குழம்பில் கிடைக்கும்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பும் வழியிலும் பார்க்க இருக்கிறது. திருச்சிக்குப் போகிறவர்கள் விராலிமலை வழியாகப் போங்கள். மலையெங்கும் மயில்கள். முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கம் உள்ள கோயில். சதிராட்டக் கலையைக் காத்து 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாளின் ஊர். பக்கத்துக் கொடும்பாளூரில் இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில். மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்துங்கள். சாலையோரக் கொட்டகைகளில் பெண்கள் முந்திரிக்கொட்டையை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் குப்பென்று தீப்பிடிக்கும். அந்த எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும். அதனால் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு விலை பேசத் தோன்றாது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். பொங்கலையொட்டி வந்தால் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டையும் பார்க்கலாம். கோடையில் வந்தால் வெயில் கடுமை, ஆனால் ஆலங்குடி, வடகாடு பக்கம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். குடிநீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு மூன்றும் அவசியம். கோயில்கள் மதியம் நடை சாத்துவதையும் கணக்கில் வையுங்கள்.

நேயர்களே, நீங்கள் இரண்டு இரவு தங்கினால் விடுதி நடத்துபவருக்கும், கார் ஓட்டுபவருக்கும், பரோட்டா மாஸ்டருக்கும், முந்திரி உடைக்கும் அம்மாவுக்கும் வருமானம். ஆள் வந்து பார்க்கிற இடத்தைத்தான் ஊராரும் அரசும் அக்கறையாகக் காப்பாற்றுவார்கள். அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது முதல் வரியில் புதுக்கோட்டை என்று எழுதுங்கள். குடும்பத்தோடு வாருங்கள், நிதானமாகப் பாருங்கள்.