அம்மா கேட்ட நாவல்

(நாக்பூர் கிளை மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"கம்ப்யூட்டர்ல பழைய புஸ்தகம் படிக்கறதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்கோ" என்று நம் காரியதரிசி சொன்னார். நான் முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கணக்கு இலாகாவில் பேரேடு பார்த்தவன். கம்ப்யூட்டர் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் சென்ற ஒரு வருஷமாக ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டேன், அதைச் சொல்கிறேன்.

என் தாயாருக்கு வயது 88. விழித்திரைக் கோளாறினால் நடுப்பார்வை மங்கிவிட்டது. பூதக்கண்ணாடியும் இப்போது உபயோகமில்லை. ஒரு நாள் சாயங்காலம் வை.மு.கோ. நாவல் ஒன்றின் பெயரைச் சொல்லி, "உங்க பாட்டி அதை பைண்டு பண்ணி வெச்சிருந்தா. இன்னொரு தரம் படிச்சுட்டா போறும்டா" என்றாள். அந்த பைண்டு வால்யூம் 1991-ல் வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது. எடைக்குப் போட்டவன் நான்தான். அம்மாவுக்கு அது தெரியாது.

தேட ஆரம்பித்தேன். முதலில் சட்டம். நம் நாட்டில் ஆசிரியர் காலமான வருஷம் முடிந்து 60 ஆண்டுகள் வரை, அவர் வாழ்நாளில் வெளியான நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பகிரலாம். முன்பு 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடிய இருந்த சமயத்தில், 1991 கடைசியில், பத்து வருஷம் கூட்டினார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1960-ல் காலமானார். ஆகவே 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடையில்லை. ஆனால் புதுப் பதிப்பில் ஒருவர் இப்போது முன்னுரை எழுதியிருந்தால் அந்த முன்னுரை அவருக்கே சொந்தம்.

கிடைக்கும் இடங்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மதுரைத் திட்டம் 1998-ல் ஆரம்பித்தது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய நூலகங்களின் ஸ்கேன்கள் ஏராளம். அங்கே இருப்பதெல்லாம் உரிமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆங்கிலத்துக்கு 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் போதும். ஒரு சங்கடம், தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அவரவர் இஷ்டப்படி பதிந்திருப்பார்கள். 'ழ'வுக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இஸட், மூன்றாமவர் இஸட்-எச். நாலு விதமாகத் தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று சொல்லாதீர்கள்.

நாவல் கிடைத்தது, 212 பக்கம். பேரனின் டாப்லெட்டில் ஏற்றி அம்மா கையில் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் கீழே வைத்துவிட்டாள். "எழுத்து பெரிசாத்தான் இருக்கு. ஆனா ஒரு வரியைப் படிக்க இப்படியும் அப்படியும் தள்ளிண்டே இருக்கணும். கண்ணு வலிக்கலைடா, கை வலிக்கறது."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஸ்கேன் என்பது பக்கத்தின் போட்டோ. பெரிதாக்கினால் பக்கம் முழுதும் பெரிதாகி, வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தாக இருக்கும் புத்தகம் வேறு. ஈபப் என்று ஒரு வகை உண்டு. அதில் எழுத்தை எவ்வளவு பெருக்கினாலும் வரிகள் திரைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் மாற்றலாம். போனையே வாசிக்கச் சொல்லலாம். (அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஸ்டேஷன்ல அனவுன்ஸ்மென்ட் பண்றாப்பல இருக்கு" என்றாள்.) ஆகவே வாங்கும்போதும் இறக்கும்போதும் 'போட்டோவா, எழுத்தா' என்று முதலில் பாருங்கள்.

எங்கள் நாவல் போட்டோவாகத்தான் இருந்தது. எழுத்தாக்க வேண்டுமே! கூகிள் டிரைவில் பக்கத்தின் படத்தைப் போட்டு டாக்ஸில் திறந்தால் அதுவே படித்து எழுத்தாக்கித் தருகிறது என்று பேரன் காட்டினான். எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகம் இது. அந்தக் கால 'லை', 'ணை', 'னை'க்கெல்லாம் தும்பிக்கை உண்டல்லவா? அங்கே யந்திரம் திணறிவிட்டது. துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டது. கிரந்த எழுத்துக்கள் வந்த இடத்தில் என்னவோ எழுதிவைத்தது. மங்கிய மை வேறு.

ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று வைத்துக்கொண்டு திருத்தினேன். சந்தேகமான வரியை அம்மாவிடம் உரக்கப் படிப்பேன். விட்டுப்போன வார்த்தையை அவள் சொல்வாள். சில சமயம் வார்த்தையோடு நிற்காமல் அடுத்த அத்தியாயத்தையே சொல்லிவிடுவாள். இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டேன். நடுவில் கல்யாணம், ஜுரம் எல்லாம் வந்து ஐந்து மாதம் ஆயிற்று. 'கலிபர்' என்ற இலவசச் செயலியில் போட்டு ஈபப் ஆக்கினேன். வரிக்கு மூன்று நாலு வார்த்தைதான் தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெருக்கி, அம்மா பதினொரு நாளில் படித்து முடித்தாள்.

முடித்தாள் என்பது சரியில்லை. ஸ்கேன் செய்த பிரதியிலேயே கடைசி நாலு பக்கம் கிழிந்துபோயிருக்கிறது. பாட்டியின் பைண்டில் அது இருந்திருக்கும். அன்றைக்குத்தான் எடைக்குப் போட்ட கதையை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முடிவு எனக்குத் தெரியும், எழுதிக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புத்தகத்தில் சேர்க்கவில்லை, அது அம்மாவின் வாசகம், ஆசிரியையினுடையது அல்ல.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது வை.மு.கோ.வின் பழைய பதிப்போ, பழைய 'ஜகன்மோகினி' பைண்டோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, கிளைக் காரியதரிசி மூலம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். புத்தகத்தை அனுப்ப வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுத்தால் போதும்; தும்பிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.