பொறாமையும் பொறுத்தலும்

(தென்காசியில் நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அழுக்காறு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். கிறிஸ்து மார்க்கத்தானாகிய யான் அம்மார்க்கத்தின் வழிநின்றே பேசுவேன். திருநீறு அணிந்து இங்கு வீற்றிருக்கும் உறவினர்க்கும் அஃது அயலாகத் தோன்றாது என்பது என் துணிவு.

வடமொழியாளர் அசூயை என்பதனை நாம் பொறாமை என்கிறோம். பொறாமையாவது பொறுக்கமாட்டாமை. எதனை? தனக்கு நேர்ந்த துன்பத்தையன்று; பிறர்க்கு வந்த நன்மையை! பாரம் இவன் தலைமேல் இல்லை. ஆயினும் சுமக்கலாற்றாது தள்ளாடுகின்றான். திருவள்ளுவனார் பொறையுடைமையைப் பதினாறாம் அதிகாரமாக நிறுத்தி, அழுக்காறாமையை அதனை அடுத்து வைத்த முறை நோக்கத்தக்கது. பவுல் அப்போஸ்தலரும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், அன்புடையார் பிறர் வாழ்வு கண்டு புழுங்கார் என்னும் கருத்தைக் கூறிய அவ்விடத்திலேயே, அன்பு எதனையும் தாங்கவல்லது என்னும் கருத்தையும் கூறினார். நம் தமிழ்ச்சொல்லின் உட்பொருளும் அப்போஸ்தலர் உள்ளமும் ஈண்டு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

இனிச் சவுல் மன்னன் கதையை நோக்குவோம். கோலியாத்தை வீழ்த்தி மீண்ட தாவீதைப் பெண்கள் ஆடிப்பாடி எதிர்கொண்டனர். பாட்டிலே சவுலுக்கு ஆயிரம் என்றும் தாவீதுக்குப் பதினாயிரம் என்றும் கணக்கு வைத்தனர். அதனால் சவுலின் முடி குறைந்ததோ? நாடு குறைந்ததோ? பகைவன் ஒழிந்தமையால் ஊதியம் முழுதும் அவனுக்கே! எனினும் அன்று தொட்டு அவன் கண் தாவீதின்மேல் விழுந்தது. பின் ஈட்டியும் பாய்ந்தது. அவன் மகன் யோனத்தானோ பட்டத்துக்கு உரியவன். தாவீது உயர்ந்தால் மெய்யாகவே இழப்பவன் அவன் ஒருவனே. அவனோ தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்கு அளித்தான். இழப்பவன் நேசித்தான், இழவாதவன் எரிந்தான். ஆதலின் இழப்பினாலே பொறாமை பிறக்கும் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் நில்லாது. பிள்ளைகளுக்கு இக்கதை சொல்லும் பெரியோர் கவண்கல்லோடு நிறுத்திவிடுகின்றனர். மேலங்கியையும் சொல்லுதல் நலம்.

இத்தகைய உள்ளத்தைக் காண எருசலேமுக்குத்தான் போதல் வேண்டும் என்பதில்லை. இவ்வூர்க் கோபுரத்தை அண்ணாந்து நோக்கினால் போதும். அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கி, 1457-இல் கோபுரத்துக்கு அடியிட்டான். அது நிறைவுறுமுன் அவன் மறைந்தான். தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். அம்மன்னன் கல்லிற் பொறித்த பாட்டொன்றின் கருத்து யாது? பின்னாளில் இத்திருக்கோயிலுக்கு ஒரு குறை நேருமாயின், அதனைத் தீர்ப்பவர் யாவரேயாயினும் அவர் அடிகளை வணங்குவதாகக் கூறுகின்றான்! இன்னும் பிறவாதார் காலில் முடிமன்னன் ஒருவன் வீழ்கின்றான். பின்னர்ச் சிதைந்து நெடுங்காலம் நின்ற அக்கோபுரம், 1990-இல் ஒன்பது நிலையோடு குடமுழுக்குக் கண்டது. கல்வெட்டில் எவர் பெயர் முதலில் வருவது என்பதற்காகக் கட்டிட வேலையையே நிறுத்திவைக்கும் கூட்டங்களை யான் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருமுறை அக்கோயிலுக்குச் சென்று வரலாம். மார்க்கம் குறுக்கே நில்லாது.

இனி ஒரு தடை எழும். குற்றாலத்துப் பேரருவியின் கீழ் நிற்பவன், தனக்கு முன் நீராடியவன் நீரைக் குறைத்துவிட்டான் என்று வருந்துவதில்லை. ஆனால் உத்தியோகம் அருவியன்றே! ஓரிடத்துக்கு நூறு பேர் நிற்கின்றனர். அது கடைமடைக்குப் பாயும் வாய்க்காலைப் போன்றது. தலைமடையான் வயல் நிறைந்தால் கீழுள்ளான் வயிறு எரிதல் இயல்பன்றோ என்பீராயின், அதனை யான் மறுக்கேன். அத்தகைய இடத்திற்றான் மனநிறைவு வேண்டப்படுகின்றது. பவுல் பிலிப்பியருக்கு எழுதியது காவலில் இருந்துகொண்டு. எந்நிலையிலும் மனரம்மியமாயிருத்தலைத் தாம் கற்றதாக அந்நிருபத்தில் எழுதுகின்றார். கற்றதாகச் சொல்லுகின்றார், பிறவிக்குணமாகச் சொல்லவில்லை என்பது ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு ஆறுதல் தருவது. அந்நிருபத்தின் தொடக்கத்திலேயே வேறொன்றும் உண்டு. தம்மேல் பொறாமைகொண்டு, தமக்கு வருத்தம் விளைக்கக் கருதியே சிலர் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கின்றனர் என்று அறிந்தும், எவ்வாறேனும் கிறிஸ்து அறிவிக்கப்படுகின்றார் என்று மகிழ்கின்றார். தம் பெயரைவிடத் தாம் தொண்டு செய்த பொருள் அவருக்குப் பெரிதாயிற்று. மனநிறைவு என்பது முயலாமற் கிடத்தலன்று. அவர் அக்காவலிலும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர்.

நம் வீடுகளில் இந்நோய் ஈட்டி எறிவதில்லை. மொட்டைக் கடிதம் எழுதுகின்றது. பெண் பார்க்க வருவாரிடத்தில் இரண்டு சொல் சொல்லி வைக்கின்றது. நம்மவன் ஒருவனுக்கு வேலை கிடைத்ததென்றால், அவன் எவரைப் பிடித்தான் என்பதே முதற் கேள்வி. இராக்கண் விழித்துப் படித்தான் என்பது எவர் வாயிலும் வருவதில்லை. சங்கத்தின் கல்வி உதவிநிதிக்குப் பணம் தரக்கூடியவரும், இன்னார் பிள்ளைக்குப் போய்விடுமே என்று கையை மடக்குகின்றனர். பாதிப்பு யாருக்கு? கட்டணம் கட்டவியலாது படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கு. அப்பிள்ளை எவர்மேலும் பொறாமை கொண்டதில்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வெளிவந்து, தேறிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை நம் இதழ் அச்சிடும்போது, தம் பிள்ளையின் பெயர் அதில் இல்லாத வீட்டார் ஒருவரேனும், கற்கண்டுப் பொட்டலத்தோடு அயல்வீட்டுப் படியை முதலில் ஏறுவாராக. தனித்துச் செல்லக் கூசுவார் எனக்குச் சொல்லியனுப்பினால், உடன்வரச் சித்தமாயிருக்கிறேன்.