எள்ளலும் ஏத்தலும்

(கோவையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே! தமிழ்ப் பெரியோர்களே! தாய்மார்களே!

இவ்விளி தமிழ் மேடைகளில் நெடுநாளாக வழங்கி வருவது. ஆடவர் அறிவாலும் அகவையாலும் பெரியோர் ஆகின்றனர். பெண்டிர் தாய்மார் ஆகின்றனர். மணமாகாத பள்ளி மாணவியும் இவ்விளிக்குள் தாயாகி விடுகிறாள். அன்பினால் வந்த வழக்கே அது. ஆயினும் பெண்ணைப் பெண்ணாகவும் குடிமகளாகவும் நிறுத்தி விளிக்கும் சொல் மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டு என்று ஊரார் வழங்கும் ஒப்போலைக்காகப் பெண்டிர் போராடிய காலத்தில் இதழ்கள் வெளியிட்ட கருத்துப்படங்களே இப்பொழிவின் பொருள். படத்தில் நேர்ந்ததும் இவ்விளியில் நேர்ந்ததும் ஒன்றே என்பதை முதற்கண் குறித்து வைத்துக் கொள்க.

கருத்துப்படம் நகையை முதலாகக் கொண்டது. நகைக்கு நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். பிறரை எள்ளுதல் அவற்றுள் முதலாவது, மடன் இறுதியானது. அதே மடனைக் களவியலில் அச்சத்தோடும் நாணோடும் சேர்த்துப் பெண்பாற்கு உரியது என்றார். உரையாசிரியர்கள் ஈரிடத்தும் வெவ்வேறு பொருள் கொண்டு இவ்விடரை நீக்குவர். நீக்கட்டும்! படம் வரைந்தவன் உரை படித்தவன் அல்லன். பெண்ணுக்கு அணி என்று ஒரு கையால் கொடுத்ததையே, நகைத்தற்குரியது என்று மறுகையால் சுட்டினான். ஆங்கில நாட்டில் நிகழ்ந்தது இதுதான்.

அந்நாட்டில் ஒப்போலை கேட்ட பெண்டிரை எள்ளி அச்சிட்ட படங்களும் அஞ்சலட்டைகளும் எண்ணிறந்தவை. அவற்றைத் தொகுத்து நோக்கின் எள்ளல் இரண்டே வகைக்குள் அடங்கும். முதல்வகை முகத்தைப் பற்றியது. நீண்ட மூக்கு, துருத்திய பல், மூக்குக் கண்ணாடி, சுருட்டிப் பிடித்த குடை: கணவன் வாய்க்காத வெறுப்பினால்தான் இவள் உரிமை கேட்கிறாள் என்பது குறிப்பு. மற்றது வீட்டைப் பற்றியது. மனைவி கூட்டத்திற்குப் போய்விட்டாள். கணவன் அழும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துணி துவைக்கிறான். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. நாள்தோறும் பெண் செய்யும் வேலையை ஓர் ஆண் ஒருநாள் செய்தால் அது நகைப்புக்குரியதாம்! அவ்வேலை எத்துணைக் கடிது என்பதற்கு அப்படங்களினும் வேறு சான்று வேண்டா. வரைந்தவர்க்கு அது தோன்றாமற் போனது வியப்பே. வாய்க்குப் பூட்டிட்ட பெண்ணின் படங்களும் உண்டு. தாய்மொழிக்காக வாய்திறந்து அடிபட்ட இனத்தார்க்கு அப்பூட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சொல்லாலும் எள்ளினர். 1906-இல் இலண்டன் நாளிதழ் ஒன்று அப்பெண்டிரைச் ‘சப்பிரசெட்டு’ என்று எழுதிற்று. சிறுமையைக் காட்டும் ஈறு ஒன்றை வேண்டுமென்றே ஒட்டிப் படைத்த சொல் அது. பெண்டிர் அதனைத் தள்ளவில்லை. தமக்கே பெயராகச் சூடிக்கொண்டு, 1912-இல் தம் இதழுக்கும் அப்பெயரையே இட்டனர். தூரிகையையும் அவ்வாறே கைப்பற்றினர். 1907-இல் ஓவியர் கழகம் ஒன்றும், 1909-இல் ஓவியக் கூடம் ஒன்றும் இவ்வுரிமைக்கென்றே தோன்றின. அக்கூடத்தார் வெளியிட்ட சுவரொட்டி ஒன்றனைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. மேல்வரிசையில் நகரத் தலைவி, செவிலி, தாய், ஆலைத் தொழிலாளி முதலானோர். இவர் எவர்க்கும் ஒப்போலை இல்லை. கீழ்வரிசையில் சிறைசென்ற குற்றவாளி, பித்தன், குடியன் முதலான ஆடவர். இவர் ஒப்போலையை இழப்பதில்லை. அவ்வளவே படம். எவர் முகத்தையும் கோரமாக்கவில்லை. சிறையில் உண்ணாநோன்பிருந்த பெண்டிரை மெலிந்தபின் வெளியே விட்டு, உடல் தேறியதும் மீண்டும் பிடிக்க 1913-இல் சட்டம் செய்தபோது, பெரும்பூனை ஒன்று பெண்ணைக் கவ்வி நிற்கும் சுவரொட்டி 1914-இல் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பூனையும் எலியும் என்றே அச்சட்டத்திற்குப் பெயர் நிலைத்தது. 1918-இல் முப்பது அகவை கடந்த பெண்டிருள் ஒரு பகுதியார்க்கும், 1928-இல் ஆடவரோடு ஒப்ப அனைவர்க்கும் அந்நாட்டில் உரிமை கிடைத்தது.

இனித் தமிழகம். 1917-இல் சென்னை அடையாற்றில் இந்தியப் பெண்கள் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு திசம்பரில் சரோசினி நாயுடு தலைமையில் பெண்டிர் குழு ஒன்று, இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையிற் கண்டு ஒப்போலை உரிமை கேட்டது. 1921-இல், இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னைச் சட்டமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. பெருமைதான். ஆனால் நிலமும் வரியும் உடையார்க்கே ஒப்போலை என்ற விதி அப்படியே நின்றது. நிலவுரிமை யார் பெயரில் இருந்தது? கொங்கு நாட்டுச் சோளக்காட்டில் விடியலுக்கு முன் இறங்கிக் களைவெட்டிக் கதிரறுத்தவள் பெண். பட்டாவில் இருந்தது ஆண்பெயர். கதவு திறந்தது, உள்ளே நுழைய வேண்டியவள் காட்டில் நின்றாள்.

உத்தரமேரூர்க் குடவோலையைக் காட்டி மார்தட்டும் அன்பர்கள் இவ்விடத்துச் சற்றுப் பொறுத்தருள வேண்டும். முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. கால்வேலிக்கு மேல் நிலமும், தம் மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் விழுந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து வெள்ளையன் வைத்த அளவுகோலும் நிலமே. வேதம் ஒன்றுதான் கழன்றது. 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் தன்மதிப்பு இயக்கத்தார் பெண்ணுக்கும் உடைமையில் ஒத்த பங்கு வேண்டும் என்று தீர்மானித்தனர். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை ஆயிற்று.

இக்காலத்துத் தமிழ் இதழ்களின் கருத்துப்படங்களில் பெண் எவ்வாறு தோன்றினாள்? தமிழில் அரசியற் கருத்துப்படத்தைத் தொடங்கி வைத்தது 1906-இல் வெளிவந்த ‘இந்தியா’ கிழமையிதழ். அதன் ஆசிரியப் பணியில் இருந்தவர் பாரதியார். அவ்விதழ்ப் படங்களில் பெண் பாரத மாதாவாக வந்தாள். தலையில் முடி, காலடியில் மக்கள்! பிற்றைநாளில் முதல் இந்தி எதிர்ப்புப் போரின்போது தமிழ்த்தாய் படத்துள் வந்தாள். முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் அவள்மீது கத்தி எறிவதாகப் படம் வெளிவந்தது. அப்படம் எழுப்பிய உணர்ச்சி பெரிது. அதனைக் குறைத்துச் சொல்வது நன்றி மறத்தலாகும். ஆயினும் படத்தில் அத்தாய் என்ன செய்கிறாள்? ஒன்றும் செய்யவில்லை. தாக்கப்படுகிறாள், மைந்தர் வந்து காக்க வேண்டும்.

படத்திற்கு வெளியே நடந்ததைக் காண்க. 1938 நவம்பர் 13-இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. தலைமை ஏற்றவர் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார். தனித்தமிழில் கட்டுரை வரைந்தும் வடசொற்களுக்குத் தமிழ் காட்டும் அகரவரிசை தொகுத்தும் இவ்வியக்கத்தைத் தாங்கியவர். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டம் அளித்தது அம்மாநாடே. மறுநாள் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகம், பட்டம்மாள், சீதம்மாள் ஆகிய ஐவரும் மறியல் செய்து சிறைப்பட்டனர். அவரைத் தொடர்ந்து கைக்குழந்தையோடு சிறை புகுந்த பெண்டிரும் உளர். தாளில் தாய் கைகட்டி நின்றாள். தெருவில் அவள் மகளிர் காவலரை எதிர்த்து நின்றனர்.

ஆங்கிலேயன் பெண்ணை எள்ளி வரைந்தான். தமிழன் ஏத்தி வரைந்தான். எள்ளல் அவளை மனிதர்க்குக் கீழே தள்ளிற்று. ஏத்தல் மனிதர்க்கு மேலே தூக்கிற்று. சினங்கொள்ளும், கணக்குக் கேட்கும், ஒப்போலை இடும் பெண் இரண்டிலும் இல்லை. எள்ளலுக்கு விடை சொல்லுதல் எளிது. ஆங்கிலப் பெண்டிர் சொன்னார்கள். பூவும் புகையும் காட்டி வணங்குவாரிடம் என்ன விடை சொல்வது?

கொங்கு நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மன்றம் உரிமையை ஏற்ற அதே 1921-இல், ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். பின்னர்க் கண்ணம்மாள் ‘குடியரசு’ இதழின் வெளியீட்டாளர் ஆனார். 1933-இல் அவ்விதழில் வந்த ஆசிரியவுரை ஒன்றுக்காக அரசு வழக்குத் தொடுத்தது. 1934-இல் இதே கோவை நகரின் முறைமன்றத்தில் தமையனாரோடு நிறுத்தப்பட்டுச் சிறைத்தண்டம் பெற்றார். எழுதியவர் அவரல்லர், அச்சிட்டு வெளியிட்ட பொறுப்பு அவரது. அப்பொறுப்பை அவர் பிறர்மேல் தள்ளவில்லை.

அனைவர்க்கும் ஒப்போலை என்று அரசமைப்பு 1950-இல் விதித்த பின்னும், 1951-52 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 28 இலக்கம் பெண்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். பெரும்பாலும் வடபுலத்தார். தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று எழுதுவித்ததே ஏது. பெயரில்லாதவளுக்கு ஒப்போலை இல்லை! தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களுள் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்கி 2016-இல் சட்டம் செய்தாயிற்று. அதற்குப் பின்னும், நாற்காலியில் கணவன் அமர, தலைவி அருகே தேநீர்க் குவளை ஏந்தி நிற்பதாகப் படம் போட்டுச் சிரிக்கிறார்கள். நாற்காலியைக் கவர்ந்தவன் கணவன். சிரிப்பு ஏன் அவள்மேல் விழுகிறது?

ஓவியம் வல்ல இளைஞர் சிலர் இவ்வவையில் உள்ளனர். அவருள் ஒருவரேனும் முறைமன்றத்தில் நின்ற கண்ணம்மாளை வரைந்து தருக. தலையில் முடி வேண்டா. பின்னால் ஒளிவட்டமும் வேண்டா. படத்தின் அடியில் ‘பெரியாரின் தங்கை’ என்று எழுதாமல், ‘கண்ணம்மாள், குடியரசு வெளியீட்டாளர்’ என்று எழுதுக.