கரையான் உறிஞ்சும் கரடி

நம் முதுமலைக் காட்டில் ஒரு கரடி இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு முடி, நெஞ்சில் மட்டும் வெளிர்நிறத்தில் ஒரு வளைவு. அதற்கு மிகவும் பிடித்த சாப்பாடு என்ன தெரியுமா? கரையான்!

நீண்ட நகங்களால் புற்றைக் கிளறும். 'பூ' என்று ஊதி மண்ணை விரட்டும். தூசி உள்ளே போகாதபடி மூக்கை மூடிக்கொள்ளும். பிறகு 'சர்ர்' என்று ஓர் உறிஞ்சு! மேல்வரிசை நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. அந்த இடைவெளிதான் உறிஞ்சுகுழல். சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்!

குட்டிகள் அம்மா முதுகில் ஏறி, முடியைப் பிடித்துக்கொண்டு சவாரி போகும்.

நீங்கள் பாலைச் சத்தமாக உறிஞ்சினால் அம்மா அதட்டுவார். கரடிக் குட்டிக்கோ, உறிஞ்சத் தெரியாவிட்டால் காலைச் சாப்பாடே கிடையாது!