கொய்யா ஏன் கடைக்கு வெளியே நிக்குது?

சென்னையில பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போனா முன்வரிசையில வாஷிங்டன் ஆப்பிள், நியூசிலாந்து கிவி. பழனி பக்கத்து ஆயக்குடி கொய்யா பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டியில.

சத்து காரணம் இல்லைங்க. 100 கிராம் கொய்யாவுல வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல. பச்சை கிவியில அதுல பாதிகூட இல்ல. விஷயம் ஆயுள்தான். ஆக்சிஜனைக் குறைச்ச குளிர் அறையில ஆப்பிள் மாசக்கணக்கா தாங்கும், எல்லாம் ஒரே சைஸ். கொய்யா வெளியே வெச்சா சில நாள்லயே குழைஞ்சிடும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு (நம்ம இனம்தான்) தலைவலி.

ஆனா கடல் தாண்டி வர்ற பழத்துக்குக் குளிர்பெட்டி கொடுக்க முடியுது. ஆயக்குடி 500 கிலோமீட்டர்கூட இல்லையே? ஒரு கடை மேனேஜர்கிட்ட கேட்டேன். "வேஸ்டேஜ் ஜாஸ்தி சார்"னாரு. வாசல்ல தள்ளுவண்டி அக்கா சாயங்காலத்துக்குள்ள கூடையைக் காலி பண்ணிடறாங்க.